ஓம் என்றொரு பொத்தான்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கொமா என்ற காற்புள்ளிக்காக ஒன்பது பேரைப் பகைத்துக்கொண்ட மனிதர் எங்கள் கொமா அண்ணை ஒருவர்தான். ஒன்பது பெயர்களும் என் கொப்பியில் இருக்கின்றன.

தமிழில் எழுதுவதற்கான திறந்த மூல மென்பொருள் ஒன்றைச் சம்பளமில்லாமல் பதினொரு பேர் செய்துவந்தோம். யாரும் திருத்தம் அனுப்பலாம். சேர்ப்பதா என்று முடிவு சொல்பவர் அண்ணை. சனிக்கிழமைதோறும் கொழும்புத்துறையில் அவர் வீட்டில் கூட்டம். குறிப்பெழுதுவது என் வேலை.

ஒருவன் மூன்று வாரம் உழைத்து அச்சிடும் வசதியைச் செய்து அனுப்பினான். விளக்கக் குறிப்பில் கொமா இல்லையென்று அண்ணை திருப்பிவிட்டார். போட்டு அனுப்பினான். கொமாவுக்குப் பின் இடைவெளி இல்லையாம். அவன் கனடாவுக்குப் போய்விட்டான். இரண்டுக்கும் தொடர்பில்லை என்பது அண்ணையின் கட்சி.

இப்படியே இருவரானோம். ஒரு சனிக்கிழமைக் குறிப்பு: "வந்தோர்: அண்ணை, நான். முடிவு: தேநீர்."

"ஆக்கள் வராட்டில் மூடத்தான் வேணும். கொமா கொமா எண்டு குழுவையே கோமாவிலை கிடத்திப்போட்டியள்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வெளியீட்டில், கோப்பை அழிக்கவா என்று கேட்கும் பெட்டியில் 'ஆம்' போய், எங்கள் பேச்சு வழக்கின் 'ஓம்' வந்திருந்தது. அழிக்குமுன் மந்திரம் சொல்ல வேண்டுமா என்று சென்னையிலிருந்து ஒருவர் கேட்டு எழுதினார். ஓம்தான் சரியான தமிழ் என்று கரவெட்டியிலிருந்து ஒருவர் நாலு பக்க மடலோடு பாய்ந்தார். ஒரு வருடத்து மடல்கள் ஒரே வாரத்தில் வந்தன.

அரியாலையிலிருந்து வாசுகி என்ற பெண் நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"உது பிழை அண்ணை. அவரவர் தங்கடை சொல்லைத் தெரிவுசெய்ய விடவேணும்."

"அப்ப நீரே செய்யும்."

செய்தாள். அவள் குறிப்பில் மருந்துக்கும் ஒரு கொமா இல்லை. அண்ணை கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிட்டார். பிறகு சண்டைக்கு வந்த மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு வேலை கொடுத்தார்.

எங்கள் மென்பொருளின் வரலாற்றை எழுதுவதற்காக அதன் மாற்றப் பதிவுகளைப் புரட்டியபோது, அந்த 'ஓம்' மாற்றத்துக்கு அண்ணை எழுதிய காரணம் கண்ணில் பட்டது: "தெரிந்தே செய்தது. சண்டை பிடிக்கவாவது, ஆட்கள் வரட்டும்." கொமா சரியான இடத்தில் இருந்தது.

இப்போது தலைமை வாசுகியிடம். அண்ணைதான் பிடிவாதமாக ஒப்படைத்தார். போன சனிக்கிழமை, பதினான்கு பேர் பார்த்திருக்க, அண்ணை அனுப்பிய திருத்தத்தை அவள் திருப்பினாள்.

"கொமா ஒண்டு விட்டுப்போச்சு அண்ணை."

அவர் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் திரையைப் பார்த்தார்.

"ஓம்," என்றார்.

எதையும் விடாமல் குறிப்பெடுப்பவன் நான். அன்றைய கூட்டக் குறிப்பில் அண்ணை கொமா விட்டதை மட்டும் எழுதவில்லை.