கொக்கண்ணாச்சியின் சொந்தக்காரப் பறவைகள்

திருவனந்தபுரத்துக்கு ஊர் பார்க்க வந்தவர்களுக்கு, கொக்கண்ணாச்சியின் ஆட்டோவில் ஏறியதைவிடப் பெரிய விபத்து எதுவும் நடந்திருக்க முடியாது.

தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் நான் வரவேற்பு மேசையில் இருந்த காலம். அவர் வண்டி வாசலில் நிற்கும். நாகர்கோவில் பக்கத்துக்காரர். நீண்ட கழுத்து, அதைவிட நீண்ட கோபம். எல்லை தாண்டிக் கல்யாணத்துக்குத் துணிமணி வாங்க வரும் குடும்பங்கள், "சாலைக் கடைத்தெருவுக்குப் போங்க" என்று ஏறுவார்கள். வண்டி ஊருக்கு வெளியே புஞ்சக்கரி வயலில் போய் நிற்கும்.

"என்னங்க, இங்க ஜவுளிக்கடையே காணோமே?"

"கடை அங்கனயேதான் கெடக்கும். பறவை பறந்துரும். எறங்குங்க!"

சேற்றில் செருப்பைப் பறிகொடுத்த ஒரு மணப்பெண்ணின் அத்தை, என் மேசை முன்னால் ஒற்றைச் செருப்போடு நின்று திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி பறவை பார்க்கவே வந்தார்கள். இவர்களுக்காவது சரிப்படும் என்று அவரோடு அனுப்பினேன். மத்தியானம் முகம் சிவந்து திரும்பினார்கள். "சார், எந்தப் பறவையைக் கேட்டாலும் அவர் சொந்தக்காரங்களைச் சொல்றார்!"

கூப்பிட்டு விசாரித்தேன்.

"உள்ளதைத்தானவே சொன்னேன்? மீனை முழுசா முழுங்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி றெக்கையை விரிச்சு வெயில் காயுதே ஒரு கறுப்பு, அது எங்க பெரியண்ணன். அப்பா வீட்டை அப்படித்தான் முழுங்கினான். நீலப்பட்டு கெட்டிக்கிட்டு வாலை ஆட்டி ஆட்டி நடக்குதே, அது மதினி."

"அண்ணாச்சி, அவங்க படிச்சவங்க."

"படிச்சவனுக்கு அண்ணன் இருக்க மாட்டானா?" பிறகு குரல் இறங்கியது. "இங்க என்னைத் தமிழன்னு எளக்காரமா பாண்டிங்கான். எல்லையில களியக்காவிளை தாண்டினா மலையாளத்தான்ங்கான். அந்தப் பறவைதான் இதுவரைக்கும் நீ எந்த ஊர்க்காரன்னு கேக்கல்ல, கேட்டீரா."

ஒருநாள் காலை, கல்யாணப் பெண்ணான மகளோடு பட்டு எடுக்க ஒரு பெரியவர் வந்து அறை எடுத்தார். அண்ணாச்சியின் அதே நீண்ட கழுத்து; வீட்டை முழுங்கிய பெரியண்ணன்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. வாசலில் ஆட்டோவைக் கண்டதும் அவர் நின்றார். அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெரியவர், "டிரைவர், சாலைக் கடைத்தெருவுக்குப் போகணும்" என்றார்.

வழியில் கொலை விழுந்துவிடக் கூடாதே என்று நானும் டிரைவர் சீட்டில் ஒட்டிக்கொண்டேன். வண்டி நேராகப் புஞ்சக்கரிக்குப் போனது. பெரியவர் இறங்கவில்லை. மகள் துள்ளி இறங்கினாள். கம்பத்தில் சிறகு விரித்திருந்த கறுப்புப் பறவையைக் காட்டி, "இது என்ன, அங்கிள்?" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீர்க்காகம், மக்கா" என்றார் அண்ணாச்சி. "அந்த நீலம் தாழைக்கோழி. தூரத்துல நிக்கது நாரை."

மனுஷனுக்கு எல்லாப் பெயரும் தெரிந்திருக்கிறது!

"கல்யாணம் எப்போம்மா?"

"அடுத்த மாசம் முதல் ஞாயிறு, அங்கிள்."

அண்ணாச்சி பெரியவரைப் பார்த்தார். பெரியவர் வயலைப் பார்த்தார். "நேரமாகுது, டிரைவர்."

கடைத்தெருவில் இறங்கியதும் அந்தப் பெண் கையசைத்தாள். உள்ளூர்ச் சொந்தங்களுக்குக் கொடுக்கக் கொண்டுவந்த அழைப்பிதழ்கள் பெரியவரின் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்தன. அவர் வாடகையை சீட்டில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அண்ணாச்சி ஒருவரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த மாதம் அந்த முதல் ஞாயிறு விடிந்ததும், அண்ணாச்சி சலவைச் சட்டையும் கரைவேட்டியுமாக வந்து ஆட்டோவில் உட்கார்ந்தார். வந்தவர்களிடம் எல்லாம் "சவாரி இல்ல" என்றார். எங்கும் போகவும் இல்லை. முகூர்த்த நேரம் தாண்டி, வெயில் ஏறி, சட்டை முதுகோடு ஒட்டிப்போன பிறகும் அப்படியே இருந்தார்.

மேசையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பழவங்காடியில் ஒரு ஓட்டலுக்குப் போனேன். இலை போட்டுச் சாப்பாடு.

"என்ன விசேஷம்வே?"

"வீட்டுல கல்யாணம். சாப்பிடும்."

குனிந்துகொண்டே சாப்பிட்டார். பருப்பு வேகவில்லை, அவியல் அவியல் மாதிரி இல்லை என்று ஒவ்வொன்றாகத் திட்டத் தொடங்கியதும்தான் எனக்கு உயிர் வந்தது. பாயசம் மகா மட்டம் என்றபடி ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

எனக்கு இனிப்பு ஆகாது என்று பொய் சொல்லி, என் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.