நிதி இல்லை என்று எழுதிய கை

சென்னை, புதன்கிழமை

பாசமுள்ள அத்தான் ரோச் அவர்களுக்கு, மைத்துனன் கிருபாநிதி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. மாதா தயவில் நீங்களும் அக்காவும் சுகமாயிருப்பீர்கள் என்று எழுத ஆசைதான். கடல் அடுக்களைச் சுவர் வரை வந்துவிட்ட வீட்டுக்கு அப்படி எழுதக் கூசுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், இடது கையால் எழுதுகிறேன்.

நான் எம்.எல்.ஏ.வாக இருந்த ஐந்து வருசமும் நம் கரைக்குத் தூண்டில் வளைவு கேட்டுச் சட்டசபையில் தொண்டை கிழியக் கத்தினேன், உங்களுக்கே தெரியும். கடலுக்குள் நாலு கல்லைக் கொட்டி அலையைத் தடுக்க அரசுக்கு என்ன கேடு என்றேன். பிறகு தேர்தலில் தோற்றேன். கட்சி பரிதாபப்பட்டு என்னைக் கடலோர நிதி வாரியத்துக்குத் தலைவராக்கியது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, பிரிவு அலுவலர் ஞானதீபம் முதல் கோப்பைக் கொண்டுவந்து வைக்கிறார். பிரித்தால் என் மனுவேதான் அத்தான்! அடியில் சிவப்பு மையில், என் கையெழுத்தில், "இதற்கு நிதி இல்லை என்று எழுதுகிறவன் கை விளங்காமல் போகும்." எந்தக் கிறுக்கன் என்னை அப்படி எழுதச் சொன்னான்? ஞானதீபம் மெதுவாக, "ஐயா, இந்த வருசம் எதுக்கும் சரின்னு எழுதக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. போன தலைவரும் இந்த வரியை வாசிச்சிட்டுத்தான் நிதி இல்லைன்னு எழுதுனாங்க" என்கிறார். மீறினால் நாற்காலி போகும். இதுவும் போனால் எனக்கு எவன் வணக்கம் வைப்பான்? எழுதிட்டேன் அத்தான். நிதி இல்லை.

அன்னைக்குச் சாயங்காலமே அக்கா போன் போட்டா. "ஏலே, பேருலயே நிதியை வச்சிக்கிட்டு இல்லன்னு எழுதிட்டியாமே. ஒங்கிட்ட கிருபையும் இல்ல, நிதியும் இல்லலே" ன்னு சொல்லி வச்சிட்டா. மறுநாள் வலது கையைத் தூக்க முடியலை. சட்டைக்குப் பித்தான் போட டிரைவரைக் கூப்பிட வேண்டியிருக்கு, சோத்தை ஸ்பூன்ல அள்ளித் திங்கேன், அப்படி இருக்கு நம்ம பதவி. கை தேறினதும் முதல் வேலையா அந்தக் கோப்பைத் திரும்ப வாங்கிச் சரின்னு எழுதிடுவேன், நாற்காலி போனாப் போகட்டும். அதுவரை அக்கா வீட்டைக் காலி பண்ண வேண்டாம்.

உங்கள் வலை கிழியாமலும் வீட்டுச் சுவர் விழாமலும் ஆண்டவர் பார்த்துக்கொள்வாராக. அக்காவுக்கு என் அன்பு, அவள் வாங்கிக்கொள்வாள் என்றால்.

இப்படிக்கு,
கிருபாநிதி

பி.கு.: மடிக்கும்போதுதான் பார்த்தேன், எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. நீங்களும் கண்டுபிடித்திருப்பீர்கள். இது வலது கைதான் அத்தான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று காலையும் ஏழு கோப்பில் நிதி இல்லை என்று எழுதியது. அக்காவைச் சாமான்களை மூட்டை கட்டச் சொல்லுங்கள்.