கழிவு போக நான்

நான் குதிரை ஏறியது வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான். வங்கி அதிகாரியாக ஏறினேன், பூண்டு மூட்டையாக இறக்கப்பட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுத்து வறுமையை ஒழிக்கும் பொறுப்பை, பழனியில் பஞ்சாமிர்தம் தின்றே வளர்ந்த என்னிடம் வங்கி ஒப்படைத்திருந்தது. (வறுமைக்கு அப்போது நல்ல காலம்.) பூம்பாறை மலைக் கிராமத்தில் செல்லம்மா என்பவர் பூண்டு மூட்டை சுமக்க ஒரு குதிரை வாங்கக் கடன் கேட்டிருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, ஊரார் பூண்டையெல்லாம் தலையில் சுமந்தே கழுத்து தேய்ந்தவர். குதிரைக்காரரோ, மதியத்துக்குள் கடன் உறுதியாகாவிட்டால் குதிரையைக் கொடைக்கானல் ஏரிச் சவாரிக்கு விற்றுவிடுவதாகச் சொல்லிவிட்டார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

போட்டுத் தொலைத்திருக்கலாம். "இது பாரம் தாங்குமா?" என்றேன், கால்நடை மருத்துவத்தையே கரைத்துக் குடித்தவன்போல.

"சந்தேகம்னா வெரசா ஏறிப் பாத்துருங்க தொரை" என்றார் செல்லம்மா.

ஏறினேன். சேணம் கிடையாது, வெறும் சாக்குதான். "தொரை விழுந்துட்டா என் கடனும் விழுந்துரும்" என்று செல்லம்மா என்னை மூட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கடைசி முடிச்சு விழுந்ததுதான் தாமதம், குதிரை கிளம்பிவிட்டது. முடிச்சு விழுந்தால் எடை போடும் கொட்டகைக்குப் போக வேண்டும் என்பது அதன் பல வருடப் பழக்கமாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் போட்ட கூச்சல் பக்கத்து ஊரான கூக்கால் வரை கேட்டிருக்கும். குதிரை நேராகத் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கே கடன் வசூலுக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் எங்கள் வங்கி மேனேஜர்.

சுமை இறக்கும் இருவர் பழக்க தோஷத்தில் என்னை அவிழ்த்து, தூக்கி, தராசிலேயே வைத்துவிட்டார்கள்.

"ஏலே, ரெண்டு மூட்டை தேறும் போலருக்கு!" என்றார் ஒருவர்.

"பேன்ட்டு சட்டைக்குக் கழிவு போடுலே" என்றார் மற்றவர். (சாக்குக்கும் மண்ணுக்கும் எடையில் குறைப்பதுதான் கழிவு.)

"தலைக்கும் சேத்துப் போடுங்கப்பா" என்றார் மேனேஜர்.

கொட்டகையே சிரித்தது. மூச்சிரைக்க ஓடிவந்த செல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பாரம் தாங்குதுங்களா தொரை?" என்றார், அழுகிற குரலில்.

அவமானத்தில் 'முடியாது' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் என்மேலேயே வெட்கமாகப் போய்விட்டது. தராசிலிருந்து இறங்காமலே கையெழுத்துப் போட்டேன்.

செல்லம்மா கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தார். என் கல்யாணத்துக்குப் பூண்டு மூட்டையோடு வந்தவர், இந்தக் கதையையும் பெண் வீட்டாரிடம் இறக்கி வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் என்ன பெருமை பேசினாலும் என் மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு நிதானமாகக் கேட்பாள்:

"கழிவு போக எவ்வளவுங்க தேறும்?"