தலைகீழ்க் குடை

"முதல்ல அந்தக் குடையை இறக்குங்க. பதினொரு மணிக்கு ஆபீசர் வந்துடுவார்" என்றாள் மனைவி.

குடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். உள்ளறையின் உத்தரத்திலிருந்து அவருடைய பெரிய கறுப்புக் குடை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுக்கூரை எந்த இடத்தில் ஒழுகுமோ, அதற்கு நேர் கீழே அது வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும். சொட்டுகிற தண்ணீர் குடைக்குள் விழுந்து, அடியில் செருகிய ரப்பர் குழாய் வழியாக ஜன்னலைத் தாண்டித் தெருச் சாக்கடைக்குப் போய்விடும். மூன்று மழைக்காலமாகத் தரையில் ஒரு சொட்டு விழுந்ததில்லை. அடுத்தவர் குடைகளை ரிப்பேர் செய்தே காலம் தள்ளிய மனிதருக்கு, தான் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான் என்று எண்ணம்.

"நல்லா வேலை செய்யுதேம்மா" என்றார்.

"அதான் பிரச்சினையே."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வீடு பழுதுபார்க்க அரசாங்கம் தருகிற உதவிக்குப் போன வருஷமும் மனுப் போட்டார்கள். பார்வையிட வேறொரு ஆபீசர் வந்தார். குடைக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. குடையைக் காட்டினார், குழாயைக் காட்டினார், ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றியும் காட்டினார். வந்தவர் "ரொம்ப நல்லா இருக்கு" என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, 'வீடு நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவள் பேசியதைக் கேட்டபோது, இன்னும் ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

இந்த முறை விஷயம் இன்னும் பெரியது. மருமகனுக்கு ஒரு வருஷம் வெளியூரில் வேலை. மகள் கைக்குழந்தையோடு அடுத்த மாதம் இங்கே வருகிறாள். அவளுக்குக் கொடுக்க இருப்பது இந்த உள்ளறை ஒன்றுதான்.

"பேத்தி கண்ணைத் திறந்து பார்த்தா மேல குடையா தெரியணும்?" என்றாள் மனைவி.

தொட்டிலுக்கு மேலே கட்டுவதற்கென்று பூப்போட்ட சின்னக் குடை ஒன்றை அவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். அதை இப்போது சொல்வது உடம்புக்கு நல்லதல்ல என்று பட்டது.

"இந்தத் தடவை வர்றவருக்கு ஓட்டையைக் காட்டறோம். உங்க கைவேலையைக் காட்டலை. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"வாயே திறக்கக் கூடாது."

அவர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

ஸ்டூல் மேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்து, குடையை மனைவியின் கையில் கொடுத்தார். அடுத்த கணம் ஜன்னலில் படார் என்று ஒரு சத்தம்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஜன்னல் கதவுக்குத் தாழ்ப்பாள் போய் இரண்டு வருஷமாகிறது. குடை காற்றில் ஆடாமலிருக்க அதில் ஓர் இரும்புக் கட்டையைக் கட்டியிருந்தார்; அந்தப் பாரத்தை வீணாக்குவானேன் என்று கயிற்றின் மறுமுனையை ஜன்னல் கதவில் முடிந்து வைத்திருந்தார். குடை தொங்கும்வரை ஜன்னல் சாத்தியிருக்கும். குடை இறங்கியதும் கதவு தெருப்பக்கம் பறந்து, ஒற்றைக் கீலில் சாய்ந்து நின்றது.

"யார் தலையிலாவது விழப்போகுது. போய்ப் பிடிங்க" என்றாள் மனைவி.

முட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டும். கைக்கு எட்டியது, அறைக்கதவின் அடியில் செருகியிருந்த ஒரு பழைய மரக் குடைத்தண்டு. அதை உருவிக்கொண்டு தெருவுக்கு ஓடி, ஜன்னல் கதவை நிமிர்த்தி முட்டுக் கொடுத்தார். வேலை கச்சிதமாக முடிந்தது. கைகளைத் தட்டிக்கொண்டார்.

"என்னங்க" என்றது ஜன்னலுக்குள்ளிருந்து மனைவியின் குரல். அந்த 'என்னங்க' அவருக்கு முப்பது வருஷப் பழக்கம்.

"என்னம்மா?"

"அறைக்கதவு தானா சாத்திக்கிச்சு. திறக்க வரலை."

வராதுதான். அந்தக் கதவின் கீழ்க் கீல் எப்போதோ போய்விட்டது. அடியில் செருகிய தண்டுதான் அதைத் தூக்கிப் பிடித்திருந்தது. தண்டு போனதும் கதவு தரையில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஜன்னலிலோ கம்பி. மனைவி கையில் குடையோடு உள்ளறையில் சிக்கிக்கொண்டாள்.

குடைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கதவை நெம்பத் தண்டு வேண்டும். தண்டை எடுத்தால் ஜன்னல் விழும். ஜன்னல் விழாமலிருக்கக் குடை தொங்க வேண்டும். குடை அவளிடம் இருக்கிறது.

"ஏம்மா, ஒண்ணு சொன்னா கோபப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"குடையைத் திரும்ப மாட்டிடேன்."

உள்ளே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. அவர் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு யோசனை சொல்ல ஆரம்பித்தார்.

"கயிறை உத்தரத்துக்கு மேல போடு. இல்ல, இடது பக்கம். அந்தக் கொக்கி தெரியுதா? அதுல ரெண்டு சுத்து சுத்து."

"சுத்தறேன், சுத்தறேன். இதை அந்த ஆபீசர் பார்த்தா மறுபடியும் 'நல்ல நிலையில் உள்ளது'ன்னு எழுதிட்டுப் போயிடுவான். நாம அண்ணாந்து பார்த்துக்கிட்டே உக்கார வேண்டியதுதான்."

"மணி பத்தேகால்தானே ஆகுது? அவன் வர்றதுக்குள்ள உன்னை வெளியே கொண்டுவந்துட்டு மறுபடி இறக்கிடலாம். இப்ப முடிச்சுப் போடு."

"எத்தனை சுத்துன்னு சொன்னீங்க?" என்று கேட்டது வேறு ஒரு குரல், அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து.

திரும்பினார். ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் கக்கத்தில் இருந்த ஃபைல் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருந்தது. தெருமுனையில் ஓர் அரசாங்க ஜீப்.

"ரெண்டு சுத்து, சார்" என்றார் குடைக்காரர். வாயைத் திறந்துவிட்டோம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"உள்ள யாரு?"

"என் வீட்டம்மா, சார்."

"ஏன் உள்ள வச்சு அடைச்சிருக்கீங்க?"

"நான் அடைக்கலை சார். கதவு அடைச்சுக்கிச்சு."

குடை ஏறியது. ஜன்னல் சாத்திக்கொண்டது. குடைக்காரர் தண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவை ஒரு நெம்பு நெம்பினார். அது சாதுவாகத் திறந்தது. மனைவி வெளியே வந்து ஆபீசரைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். பேசிய பேச்செல்லாம் ஆபீசர் காதில் விழுந்திருக்கும் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

"உட்காருங்க சார்" என்றாள் மெல்ல.

ஆபீசர் உட்காரவில்லை. கவரை மேஜைமேல் வைத்துவிட்டு ஃபைலைத் திறந்தார். "மாசச் சம்பளம் வாங்கறவங்க யாரும் வீட்ல கிடையாதே? சம்பளக்காரங்களுக்கு இதுல இடமில்ல" என்று கேட்டு, இல்லை என்றதும் ஏனோ ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு நேராகக் குடைக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள். அவர் குடையையே பார்த்தார்.

"இந்தக் குழாய் அரை இஞ்சா, முக்கால் இஞ்சா?"

குடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"முக்கால், சார். அரை இஞ்சுன்னா தூசி அடைச்சுக்கும்."

ஆபீசர் எழுதிக்கொண்டார். "குடை பாரம் தாங்குமா?"

கேள்வியில் பொடி வைத்திருக்கிறது என்று தெரிந்தது. தாங்காது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தன் குடையைப் பற்றி இல்லாததைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "பழைய கம்பியா இருந்தா தாங்கும் சார். இப்ப வர்ற கம்பி தாங்காது. நான் ஒண்ணுக்கு ரெண்டா கம்பி போட்டிருக்கேன்."

"ஊத்திக் காட்ட முடியுமா?"

மனைவி இருமினாள். அது சளி இருமல் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கை சொம்பைத் தேடிப் போய்விட்டது. தண்ணீர் குடைக்குள் விழுந்தது, குழாயில் இறங்கியது, வெளியே சாக்கடையில் போய்ச் சேரும் சத்தம் கேட்டது. தரையில் ஒரு பொட்டு ஈரமில்லை. ஆபீசர் குனிந்து தரையைத் தடவியே பார்த்தார்.

அடுத்து சமையலறை. அங்கே அடுப்புக்கு மேலே ஒழுகும். பழைய குடைத்துணிகளைச் சேர்த்துத் தைத்து, ஒரு பக்கம் சரிவாக இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"இது தைச்சது யாரு?"

குடைக்காரர் வாயை இறுக மூடிக்கொண்டார். இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று வைராக்கியம்.

"நான்தான் சார்" என்றாள் மனைவி.

"தையல் வழியா தண்ணி இறங்காதா?"

"எப்படி சார் இறங்கும்? மடிச்சு வச்சு ரெட்டைத் தையல் போட்டிருக்கேன். அதுமேல மெழுகு தேய்ச்சிருக்கேன். ஒரு தடவை தேய்ச்சா பத்தாது, வெயில்ல காயவச்சு மூணு தடவை தேய்க்கணும். இவர் ஒரு தடவை போதும்னார். அவர் பேச்சைக் கேட்டிருந்தா இந்நேரம் குழம்புல மழைத்தண்ணிதான்."

குடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே மூச்சில் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி அவர் கேட்டதில்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

ஆபீசர் எழுதிக்கொண்டே இருந்தார். எழுதியது போதாமல் படமும் போட்டார். கொக்கி எந்த இடத்தில், கயிறு எத்தனை முழம், மெழுகு எந்தக் கடையில் என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் பேனாவை நிறுத்திக் கேட்டார்.

"ஏழு இடத்துல ஒழுகினா ஏழு குடை வேணுமா?"

"நம்ம வீட்ல ரெண்டே இடம்தான், சார்."

"சும்மா கேட்டேன்."

"பக்கத்துப் பக்கத்துல இருந்தா ஒரே துணியா கட்டிடலாம், சார்" என்றாள் மனைவி. இப்போது அவளை யாராலும் நிறுத்த முடியாது.

அதையும் எழுதிக்கொண்டார். பக்கங்களை எண்ணிப் பார்த்து, "பதினோரு பக்கம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருமுறை திரும்பினார்.

"ரொம்ப நல்லா இருக்கு."

அதைச் சொல்லிவிட்டுப் பக்கத்துச் சந்துக்குள் நடந்து போனார். அங்கே இன்னொரு மனுவாம்.

மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"போன வருஷம் நீங்க ஒருத்தர்தான் பேசினீங்க" என்றாள். "நாலு வார்த்தை எழுதினான். இந்த வருஷம் நானும் சேர்ந்துகிட்டேன். பதினோரு பக்கம்."

"விடும்மா. மெழுகு விஷயம் நீ சொன்னது அழகா இருந்தது."

"குழந்தையை எங்கேங்க படுக்க வைப்பேன்?"

அவள் கண் கலங்கியிருந்தது. அவருக்குப் பூப்போட்ட குடையின் ஞாபகம் வந்து, தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பேத்திக்கு ஒரு நல்ல கூரை கொடுக்கத் துப்பில்லாமல், குடைக்குப் பூ தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

மேஜைமேல் ஆபீசரின் பிளாஸ்டிக் கவர் கிடந்தது. குடைக்காரர் அதை எடுத்துக்கொண்டார்.

"எங்க போறீங்க?"

"கவரை விட்டுட்டுப் போயிட்டார். கொடுத்துட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லிட்டு வரேன்."

தெருமுனையில் ஜீப் நின்றது. ஆபீசர் இன்னும் திரும்பவில்லை. டிரைவர் மட்டும் வண்டியில் சாய்ந்துகொண்டு பல் குத்திக்கொண்டிருந்தான்.

"சார் இதை மறந்துட்டார், தம்பி."

"அப்பாடா, கொண்டாந்தீங்களே" என்று டிரைவர் கவரை இரண்டு கையாலும் வாங்கினான். "இது இல்லாம சார் ஃபைலை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். கொண்டுபோனா மறுநாள் கூழாத்தான் வரும்."

குடைக்காரருக்கு அது காதில் ஏறவே இல்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைக் கொட்டினார்.

"நீங்களாவது சார்கிட்ட எடுத்துச் சொல்லுங்க தம்பி. எங்க வீடு நல்லா இல்ல. குடைதான் நல்லா இருக்கு. அதைப் பார்த்துட்டு வீடு நல்லா இருக்குன்னு எழுதிட்டார். ஓடு மொத்தமும் போச்சு, சட்டம் உளுத்துப் போச்சு. ஒரு பெரிய காத்து அடிச்சா குடை நிக்கும், வீடு நிக்காது. பச்சைக் குழந்தை வரப்போகுது. பதினோரு பக்கத்துல ஒரு பக்கமாவது கிழிச்சுட்டு மாத்தி எழுதச் சொல்லுங்க."

டிரைவர் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவரைப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"உங்க கூரைக்கு சார் இங்க வண்டியில உட்கார்ந்தபடியே, எட்டிப் பார்த்ததும் உதவி கொடுக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டார்ண்ணே, உள்ள போய் எழுதின பதினோரு பக்கமும் அவர் வீட்டுக்கு, அங்க ஏழு இடத்துல ஒழுகுது."