கரிச்சாமி எடுத்த பேய்வெடி

சண்டை முடிஞ்சு கொண்டச்சிப் பக்கம் நாங்கள் திரும்பிக் குடியேறின வருசம், கோயிலிலும் கூட்டமில்லை, பள்ளிவாசலிலும் கூட்டமில்லை. கூட்டமெல்லாம் கரிச்சாமி வீட்டு முத்தத்திலேதான். நிவாரண அரிசிக்குக்கூட இப்பிடி இடிபடாத சனம், கரித்துண்டுக்கு இடிபட்டது.

கரிச்சாமியின் சொந்தப் பேர் பிலேந்திரன். இந்தியாவிலே அகதி முகாமில் வீடியோப் படம் ஓட்டித் திரிஞ்சவர். கடலைக் கடந்து வரேக்க தாடியும் வந்திட்டுது, சக்தியும் வந்திட்டுது.

"கண்ணிவெடி எடுத்தவை இரும்பைத்தான் எடுத்தவை. பேயை எடுக்கேல்லை. உங்கட மண்ணுக்குள்ள பேய்வெடி கிடக்குது. அதுதான் கச்சான் கடலை முளைக்குதில்லை" எண்டார்.

சனம் நம்பினது. வெடி எடுத்த ஆக்கள் நடந்த மாதிரியே அவரும் அடி அடியாய் நடந்தார். அவையின்ர கையிலே மெசின். இவரின்ர கையிலே நூலில் கட்டின கரித்துண்டு. கரி ஆடின இடத்திலே "பேய்!" எண்டு சிவப்புத்தடி ஒண்டு நடுவார். நூலைப் பிடிச்சவர் ஆட்டினால் கரி ஆடாமல் என்ன செய்யும், செபமாலையா சொல்லும்?

பரிகாரமும் அவரிட்டைத்தான். காணியிலே மண்டிக் கிடக்கிற முள்ளு உடைமரத்திலே பேய் குடியிருக்குதாம். அதை வெட்டிக்கொண்டு போய் அவரிட்டைக் குடுக்க வேணும். அவர் குழியிலே போட்டு, மண்ணாலே மூடி எரிச்சு, திருக்கரி எண்டு திருப்பித் தருவார். ஒரு மூட்டைக் கரிக்கு ஒரு மூட்டை விதைக் கச்சான். எங்கட மரத்தை எங்கட தோளிலே சுமந்து குடுத்து, எங்கட விதையைக் குடுத்துத் திரும்ப வாங்கினம். கழுதை சுமந்தாலும் கொஞ்சம் புல்லாவது கேட்கும்.

பக்கத்துக் காணி மங்கையற்கரசியிட்டை இருந்தது ஒரேயொரு விதை மூட்டை. மீள்குடியேற்றத்துக்கெண்டு குடுத்தது. அது போனால் மாரிக்கு விதைக்க ஒண்டுமில்லை, மூண்டு பிள்ளையளுக்கும் சாப்பாடில்லை. ஆனால் அவளின்ர காணி சிவப்புத்தடியாலே முள்ளம்பன்றி மாதிரிக் கிடந்தது. பயந்துபோய் மூட்டையைத் தூக்கித் தலையிலே வைச்சுக்கொண்டு வெளிக்கிட்டாள்.

வழியிலே உம்மு குல்சூமின் தேத்தண்ணிக் கடை. புத்தளத்திலே இருந்து திரும்பி வந்த மனுசி. வாயிருக்கே, அதுக்குப் பூட்டில்லை.

"எங்க பிள்ளை, மூட்டையோட?"

"கரிச்சாமியிட்டை அக்கா. பேய் எடுக்க."

"விதையைக் குடுத்துப்போட்டு எதை விதைப்பாய், பேயையா?"

"மண் செத்துப்போச்சுதாம் அக்கா."

"செத்த மண்ணிலே உடைமரம் எப்பிடி ஆள் உயரத்துக்கு வளந்தது?"

நானும் அங்கே பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு இருந்தனான். இந்தக் கேள்வி எனக்கு ஏன் வரேல்லை எண்டு ஒரு நிமிசம் யோசிச்சன். பிறகு வடையைக் கடிச்சன்.

"மூட்டையை இங்க வை. நாளைக்குக் காலமை சேர்ந்து போவம்" எண்டாள் குல்சூம்.

விடிஞ்சதும் குல்சூம் மங்கையற்கரசியையும் கூட்டிக்கொண்டு, மூண்டு பால்மா ரின்னிலே மண்ணோட வந்து, முத்தத்துச் சனத்தை விலத்திக்கொண்டு முன்னுக்குப் போனாள்.

"சாமி, மூண்டு காணி மண். எதிலே பேய் கூட எண்டு பாருங்கோ."

முதல் ரின்னுக்கு மேலே கரி லேசாய் ஆடினது. "சின்னப் பேய். ஒரு மூட்டை." ரெண்டாவதுக்கு இன்னும் கொஞ்சம். "நடுத்தரம். ரெண்டு மூட்டை."

"மூண்டாவதைக் கவனமாய்ப் பாருங்கோ சாமி. அந்தக் காணிக்காரரிட்டை விதை மூட்டை வீடு நிறைய அடுக்கிக் கிடக்குது."

கரி காத்தாடி மாதிரிச் சுழண்டது. சாமியின் கண்ணும் சுழண்டது.

"ஐயையோ! மூலப்பேய்! குடும்பத்தோட குடியிருக்குது! இந்தக் காணிக்காரன் ஏழு தலைமுறைக் கள்ளன்! இந்த மண்ணிலே கால் வைச்சவனுக்கு ரத்த வாந்தி!"

"நல்லாப் பாத்தனீங்களோ?"

"கரி பொய் சொல்லாது!"

"அப்ப சரி. இது உங்கட முத்தத்து மண். விடியக்காலமை நீங்கள் கக்கூசுக்குப் போயிருக்கேக்க அள்ளினனான்."

சனம் அப்பவும் யோசிக்கேல்லை. ரத்த வாந்திக்குப் பயந்து, ஐயோ எண்டு கத்திக்கொண்டு முத்தத்தை விட்டுத் தெருவுக்குப் பாய்ஞ்சது. தெருவிலே நிண்டு மூச்சு வாங்கேக்கதான் ஒவ்வொருத்தராய்ச் சிரிக்கத் துவங்கினவை.

"பேய்... என்னட்டைத் தஞ்சம் கேட்டு வந்தது" எண்டு சாமி இழுத்தார்.

"வீடு நிறையத் திருக்கரி கிடக்குதே, முதல்லை உங்கட பேயை ஓட்டுங்கோவன்!" எண்டு தெருவிலே நிண்ட மாக்கிறட் ஆச்சி கத்தினா. "அதோட எங்கட விதையையும் எடுங்கோ, கள்ளனே!"

விதை மூட்டையெல்லாம் வெளியிலே வந்தது. சாமியும் பின்வாசலாலே ஓடிப் போயிட்டார்.

"அப்ப கரியும் பொய்யோ அக்கா?" எண்டு மங்கையற்கரசி கேட்டாள்.

"கரி நல்லது பிள்ளை. மந்திரம்தான் பொய். உன்ர காணி உடைமரத்தை நீயே குழியிலே மூடி எரி. சாணித் தண்ணியிலே ஊறவிட்டு மண்ணிலே கல. கரி கலந்தால் மணல் மண்ணும் தண்ணியையும் பசளை உரத்தையும் பிடிச்சு வைக்கும்."

அவள் ஒரு பாத்திக்குக் கரி போட்டாள், பக்கத்துப் பாத்திக்குப் போடேல்லை. மாரியிலே மழை இடையிலே ஏமாத்தினது. கரி போடாத பாத்தி வாடிச்சுது. கரிப் பாத்தி பச்சையாய் நிண்டது. அடுத்த வருசம் ஊரே குழி வெட்டினது. நல்ல மரத்திலே கை வைக்கேல்லை, முள்ளு மட்டும்தான். முந்தி அதைச் சும்மா கொளுத்திப் புகையாய் வானத்துக்கு அனுப்பினம். இப்ப அதிலே ஒரு பங்காவது கரியாய் மண்ணுக்குள்ள கிடக்குது. வெக்கை வருசத்துக்கு வருசம் ஏறுற காலத்திலே அதுவும் ஒரு உதவி எண்டு விவசாயக் கந்தோரிலே உத்தியோகம் பாக்கிற பெடியன் சொன்னான். நான் கந்தோரை நம்புறேல்லை. பாத்தியை நம்புறன்.

கரிச்சாமி இப்ப இலுப்பைக்கடவைப் பக்கம் மீன்பிடிக்காரரின்ர வலைக்குப் பேய் ஓட்டுறாராம். அங்கையும் சனம் இடிபடுதாம்.

என்ர கதையையும் நம்பாதேங்கோ. ரெண்டு பாத்தி போட்டுப் பாருங்கோ. கரியை மண்ணுக்குள்ள போடுங்கோ. மூளைக்குள்ள கரி கொட்ட ஆரையும் விடாதேங்கோ.