கடைசிப் பாட்டில் ஒரு ‘பளார்’

"இப்ப கீழ் வரிசையைப் படிங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

நாற்காலியில் இருந்த பெரியவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சுவரின் எழுத்துப் பலகையை உற்றுப் பார்த்தார். "ப... ட... ம..."

"உஷ்!"

"நீங்கதானே படிக்கச் சொன்னீங்க?"

"படிக்க வேணாம், கேளுங்க. இதோ வருது பாருங்க... இதோ..."

அலமாரி மேலிருந்த ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் மெல்ல இறங்கி வந்து நின்றது. கிட்டாரும் நின்றது. அடியில் ஒரு சுருதி மட்டும் ‘ர்ம்ம்ம்’ என்று கனமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கேட்டது அது.

பளார்!

"கேட்டீங்களா இந்த அநியாயத்தை?" லென்ஸ் பெட்டியை மேசைமேல் ஓங்கி வைத்தார் கண்ணாடிக்காரர். "எவனோ ஒரு கடங்காரன் நடுப்பாட்டுல கை தட்டியிருக்கான் சார்!"

"பாட்டு நல்லா இருந்தா தட்டத்தானே செய்வாங்க?"

"ஒரே ஒரு தட்டா? பிடிச்சிருந்தா இன்னும் நாலு தட்டு தட்ட வேண்டியதுதானே? பிடிக்கலைன்னா எழுந்து போக வேண்டியதுதானே? நடுவுல ஒண்ணே ஒண்ணு தட்டிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கான்னா அவன் மனுஷனா?"

பெரியவர் பொத்திய கையை எடுத்துவிட்டு எழுந்தார். கண் மங்குகிறது என்று வந்தால் இங்கே காதும் போய்விடும் போலிருக்கிறது என்று முனகிக்கொண்டே படியிறங்கிவிட்டார். அந்த வாரத்தில் இப்படி இறங்கிப் போனவர்களில் அவர் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை.

கண்ணாடிக்காரர் இயல்பில் சாது. மூக்கு உயரமான ஆளுக்கும் மூக்கே இல்லாத ஆளுக்கும் பொறுமையாக பிரேம் பொருத்திக் கொடுப்பவர். அவரை இந்தக் கதிக்கு ஆளாக்கியது அந்த ஆல்பம்தான்.

பாட்டுக்காரம்மா என்றால் இப்போது தெரியாதவர்கள் கிடையாது. லாரி ஓட்டுகிறவன், வற்றிய கிணறு, கட்டின வீட்டை விட்டுப் போனவள் என்று மண்ணோடு ஒட்டிய விஷயங்களைக் கிட்டாரை வைத்துக்கொண்டு பாடுகிற அம்மாள். ஸ்டுடியோவில் பாடிய பாட்டுகளை ஜனங்கள் ஏதோ கேட்டார்கள், விட்டார்கள். மேடையில் பாடியதை அப்படியே பதிவு செய்து வெளியிட்டார்களோ இல்லையோ, ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. சலூனில் மூன்றாவது பாட்டு வந்தால் கத்தரிக்கோல் நின்றுவிடும், பாதித் தலையோடு உட்கார்ந்திருப்பவரும் ஒன்றும் சொல்ல மாட்டார். பாட்டுக்கு நடுவே அந்த அம்மாள் சொல்லும் ஜோக்குக்கு, அவர் சொல்வதற்கு முன்பே பஸ் முழுக்கச் சிரிக்கும். பாட்டு முடிந்து ஆல்பத்தில் ஜனங்கள் தட்டும்போது கடைகளில் நிற்பவர்களும் பையைக் கீழே வைத்துவிட்டுச் சேர்ந்து தட்டினார்கள்.

இத்தனை பேரில் அந்தக் கச்சேரிக்கு நேரில் போனவர் இந்தத் தெருவில் கண்ணாடிக்காரர்தான். மனைவியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். வாழ்க்கையில் அவர் போன ஒரே கச்சேரி. "அந்தக் கைதட்டல்ல என் கையும் இருக்கு" என்று அவர் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே ‘கேட்போர் வட்டம்’ என்று ஒன்று கடையில் முளைத்தது, அவர் அதற்குத் தலைவரானார். மருந்துக்கடைக்காரர், கண்டக்டர், பாட்டு டீச்சர் மூவரும் ஞாயிறு மதியம் தவறாமல் வந்துவிடுவார்கள்.

"கடைசிப் பாட்டு நேர்ல எப்படி சார் இருந்துச்சு?" என்று ஒவ்வொரு வாரமும் கண்டக்டர் கேட்பார்.

"அதை வாயால சொல்ல முடியுமா? கண்ணை மூடினேன். அவ்வளவுதான். நான் எங்க இருக்கேன்னே எனக்குத் தெரியலை."

உள்ளறையில் லென்ஸ் தேய்க்கும் சக்கரம் ஒரு கணம் நின்று மறுபடி ஓடும். லென்ஸ் தேய்ப்பது அவர் மனைவி.

"அந்தச் சுருதி என்ன கருவின்னுதான் பிடிபடவே இல்லை" என்பார் பாட்டு டீச்சர். "ஆர்மோனியம் இல்லை. சுருதிப் பெட்டியும் இல்லை. அதுல ஒரு உயிர் இருக்கு சார். மூச்சு விட்டு மூச்சு வாங்குது."

"அந்த உயிரைத்தானே அந்தப் பாவி ஒரே தட்டுல கொன்னான்!" என்று கொதிப்பார் கண்ணாடிக்காரர். உண்மைதான். அந்த ‘பளாரு’க்கு அப்புறம் சுருதி இல்லை. பாட்டுக்காரம்மா மீதியை அநாதையாகத்தான் பாடி முடித்தார்.

"விட்டுத் தள்ளுங்களேன்" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"விடுறதா? என் ராத்திரியைக் கெடுத்தவனை விடுறதா?"

விடவில்லை. கடைக் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டினார். கடைசிப் பாட்டில் தட்டியது யார் என்று சொல்பவருக்கு ஒரு பிரேம் இலவசம்.

மறுநாள் கடை திறப்பதற்குள் தெரு அடைத்துக்கொண்டு கூட்டம்.

"எங்க மாமியார்தாங்க" என்றாள் முதலில் நின்ற பெண்.

"அவங்க கச்சேரிக்கு வந்தாங்களா?"

"வரலை. ஆனா அப்படிச் செய்யக்கூடியவங்கதான்."

அடுத்து வந்தவர் நெஞ்சை நிமிர்த்தினார். "நானேதான் தட்டினேன். ஒப்புக்கிட்டா ரெண்டு பிரேம் உண்டா?"

"தட்டிக் காட்டுங்க."

அவர் தட்டினார். அடுத்தவரும் தட்டினார். அதற்கடுத்தவர் இவர்கள் இருவரும் தட்டியது தப்பு என்று தட்டிக் காட்டினார். பாட்டு டீச்சர் ஒரு ஓரமாக நின்று "இல்லை... இல்லை..." என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். உண்மையாகவே கண்ணாடி வாங்க வந்த ஒரு குடும்பம், கடைக்குள் ஏதோ பாராட்டு விழா நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தானும் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆல்பத்தைப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்காரருக்குப் போன் போட்டார். வட்டத்தை அவசரமாகக் கூட்டி, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"அந்தச் சத்தத்தை நீங்க எடுத்தே ஆகணும். இல்லைன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்!"

"எடுத்துடலாம் சார். ஆனா அது கைதட்டல் இல்லைங்க. சதைமேல விழுந்த அடி. மூணாவது வரிசைக்கு மேல ஒரு மைக் தொங்கவிட்டிருந்தேன், அதுலதான் விழுந்திருக்கு."

"அய்யய்யோ, சுருதியில மட்டும் கை வச்சிடாதீங்க!" என்று பாட்டு டீச்சர் கத்தினார்.

"எந்தச் சுருதி?" மறுமுனை கொஞ்சம் யோசித்தது. "ஓ, அதுவா. அதைத் தொட மாட்டேம்மா. அது யாரோடதுன்னு நானும்தான் தேடிட்டிருக்கேன்."

கண்ணாடிக்காரர் காதில் அதெல்லாம் விழவில்லை. "மூணாவது வரிசையா? அது நம்ம வரிசையாச்சே!" என்று துள்ளி எழுந்தார். அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தது மனைவி. வலது பக்கம், அடுத்த தெரு பல் டாக்டர். யோசிக்க என்ன இருக்கிறது?

செருப்பைக்கூட மாற்றாமல் பல் டாக்டரின் கிளினிக்குக்குள் நுழைந்தார். ஒரு நோயாளி வாயை ஆவென்று திறந்தபடி படுத்திருந்தார்.

"படிச்சவர்தானே நீங்க? பாட்டு நடுவுல எதுக்கு சார் அடிச்சீங்க?"

"நான் யாரை சார் அடிச்சேன்?"

"உங்க தொடையில நீங்களே அடிச்சிருக்கீங்க! மைக்கே சொல்லுது!"

பல் டாக்டர் கையிலிருந்த இடுக்கியை ஓங்கிவிட்டுப் பிறகு தட்டில் போட்டார். "அன்னைக்கு உங்க பக்கத்துல உட்கார்ந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போனாப் போகுதுன்னு இருந்தேன். என்னையே கேக்கறீங்களா? ஞாயித்துக்கிழமை உங்க வட்டத்துக்கே வந்து எல்லாத்தையும் சொல்றேன்."

"வாங்க, வந்து சொல்லுங்க! எனக்கென்ன பயமா?"

படுத்திருந்த நோயாளி எதையோ சொல்ல முயன்று, வாயில் பஞ்சு இருந்ததால் விட்டுவிட்டார். கண்ணாடிக்காரர் வெற்றியோடு திரும்பி வந்து வட்டத்துக்கு நடந்ததைச் சொன்னார்.

உள்ளறையில் சக்கரம் நின்றது. மனைவி ஈரக் கையோடு வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அவரை வரச் சொல்லாதீங்க. நான்தான் அடிச்சேன்."

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நீயா?"

"கொசு. உங்க தொடையில உட்கார்ந்துச்சு. அடிச்சேன்."

"என் தொடையிலயா? எனக்கு ஏன் தெரியலை?"

மனைவி கூரையைப் பார்த்தார். "நீங்கதான் மெய்மறந்து இருந்தீங்களே."

அது உண்மைதான் என்று கண்ணாடிக்காரருக்கும் பட்டது. அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது. "தேடித் தேடி ஊரைச் சுத்திட்டு வந்தா வீட்டுக்குள்ளயே இருக்கே! ஒரு கொசுவுக்காகவா? கடிச்சா கடிச்சிட்டுப் போகுது! என் உடம்புல ரத்தமே இல்லாமப் போனாலும் சரி, பாட்டு முடியுற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"ஒரு பாட்டையே கொன்னுட்டீங்களேம்மா" என்றார் பாட்டு டீச்சர். கண்டக்டர் அந்த அம்மாள் பக்கமே பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரர், எப்போதும் தனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பவர் அவர்தான் என்றும் பாராமல், டம்ளரை நகர்த்தி வைத்தார்.

அந்த அம்மாள் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சக்கரத்தைப் போட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு அறுந்தது. குழம்பில் உப்பு குறைந்தால் கண்ணாடிக்காரர் சுவரிடம் சொன்னார். சட்டை எங்கே என்று பீரோவைக் கேட்டார். தூக்கமும் போயிற்று. கண்ணை மூடினால் அந்த ‘பளார்’ கேட்டது. பல் டாக்டரிடம் மட்டும் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். "உங்க சம்சாரமா ஒத்துக்கிட்டாங்க? கொசுன்னா சொன்னாங்க?" என்று பல் டாக்டர் அவரை வெகுநேரம் பார்த்தார். "அந்த அம்மாவைக் கும்பிடணும் சார்" என்றார். கண்ணாடிக்காரர் இதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவுக்காரரே நேரில் வந்தார். தோளில் ஒரு பை, கழுத்தில் ஹெட்போன். "சத்தத்தைச் சுத்தமா எடுத்துட்டேன் சார். மூணாவது வரிசையில இருந்தவங்களை ஒரு தடவை பார்த்துட்டும் போலாம்னு வந்தேன்."

"வேற யாரும் இல்லை, குற்றவாளி உள்ளேதான் இருக்கு" என்று கண்ணாடிக்காரர் உள்ளறையை நோக்கிக் கையை நீட்டினார். அந்த அம்மாள் வந்து கதவோரம் நின்றார்.

"போடுங்க. கடைசிப் பாட்டு" என்றார் தலைவர்.

கண் பரிசோதிக்கும் நாற்காலியில் அவரே சாய்ந்துகொண்டார். இத்தனை நாளும் அந்தப் பாட்டு ஓடினால் பல்லைக் கடித்துக்கொண்டு, எப்போது வரும் எப்போது வரும் என்று முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். இன்று வரப்போவதில்லை. "இப்படித்தான், கண்ணை மூடிக் கேக்கணும்" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

குரல் இறங்கி வந்தது. கிட்டார் நின்றது. சுருதி ஓடியது. அந்த இடம் வந்தது, ‘பளார்’ இல்லாமல் கடந்து போயிற்று.

"அடடா!" என்றார் பாட்டு டீச்சர். பிறகு காதைத் தீட்டினார். "இப்ப சுருதியும் நிக்கவே இல்லையே! நீட்டிட்டீங்களா?"

"நான் எதையும் நீட்டலைம்மா. அது அந்த இடத்துல நின்னுதான் போகுது."

"இல்லையே, ஓடுதே!"

ஓடியது. ‘ர்ம்ம்ம்’ என்று மூச்சு விட்டு மூச்சு வாங்கி, முன்னைவிடக் கனமாக ஓடியது. பாட்டுக்காரம்மா பாடி முடித்தார். ஆல்பத்தில் ஜனங்கள் தட்டி ஓய்ந்தார்கள். சுருதி ஓடிக்கொண்டே இருந்தது.

"ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு" என்று மருந்துக்கடைக்காரர் எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

சுருதி நிற்கவில்லை.

ஒவ்வொருவராகத் திரும்பி நாற்காலியைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரரின் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. கதவோரம் நின்ற மனைவி, மானம் போகிறதே என்று பதறி ஓடிவந்து, அவர் தொடைக்கு மேலே கையை ஓங்கினார்.

ஒலிப்பதிவுக்காரர் பாய்ந்து வந்து அந்தக் கையைத் தடுத்துவிட்டு, பையிலிருந்து அவசர அவசரமாக மைக்கை எடுத்தார்.

"அடிச்சிடாதீங்கம்மா! அன்னைக்குத்தான் பாதியில நிறுத்திட்டீங்க, இன்னைக்காவது முழுசா எடுத்துக்கறேன்!"