கோப்பாய்க் கோமான் குளிசை கொண்ட படலம்

வெங்காயப் பாத்திகளை வென்ற விறலோன் வாழ்க! செம்மண் பிளந்த திண்தோளன், மண்வெட்டி ஏந்திய மறவன், கோப்பாய்க் கோமான் ஜெயரூபன் வாழ்க!

மணமாகி ஆண்டுகள் சில கடந்தும் மழலை கேளா அம்மனையில், அவன் இல்லாள் கஜந்தினி நோற்ற நோன்புகளும், சுற்றத்தார் அவள்மேல் எய்த சொல்லம்புகளும் எண்ணில் அடங்கா. ஆயின் அன்று காலை, பரிசோதனை முடிவை நோக்கிய மருத்துவர், "கஜந்தினியிலை ஒரு குறையும் இல்லை. உங்கடை விந்தணுதான் சோம்பலாய்க் கிடக்குது," என்று திருவாய் மலர்ந்தார். அன்ரிஒக்சிடன்ற் என்னும் குளிசையை எழுதிக் கொடுத்து, "உது பலன் தரலாம், தராமலும் விடலாம். சிகரெட்டை மட்டும் கட்டாயம் விடுங்கோ," என்றும் பணித்தார்.

கோப்பாயில் வாங்கினால் ஊர் அறியுமென அஞ்சிய மாவீரன், புகை கக்கும் புரவியாம் மோட்டார்ச்சைக்கிள் ஊர்ந்து, தலைக்கவசம் கழற்றாக் கோலத்தோடு மானிப்பாய்ப் பாமசியுள் பாய்ந்தான். அந்தோ! அவன் வாய் திறந்த கணத்தில் ஆசிரியை ஒருத்தி நுழைந்தாள். இருமல் மருந்து கேட்டான். அவள் அகன்றதும் பள்ளி மாணவியர் படையெனப் புகுந்தனர், சவர்க்காரம் கேட்டான். பின்னர் ஒரு பாதிரியார் வந்தார். நிலைகுலைந்த நெடுவேள், மகவில்லாதவன், குழந்தைப் பவுடர் கேட்டான்.

ஈற்றில் களம் வெறிச்சோடியது. மருந்துச்சீட்டை நீட்டினான். பாமசிப் பெண் றஜனியோ, போர்முரசும் நாணும் குரலினாள், "பிள்ளைப் பாக்கியத்துக்குரிய குளிசை! மூண்டு மாதத்துக்கும் தரட்டோ அண்ணை?" என முழங்கினாள்.

"ஆர், ஜெயரூபனோ?"

பின்னே நின்றான் அயல்வீட்டுப் பஞ்சலிங்கம். காலையில் கேட்டதை மாலைக்குள் வலிகாமமெங்கும் விதைக்கும் வாய்வல்லான். "பாவம் தம்பி. கஜந்தினிக்கு இன்னும் சரிவரேல்லையோ?"

"ஓம்" என்னும் ஓரசை போதும். நம் தலைவன் தப்பிவிடலாம். அது நுனிநாவில் வந்தும் நின்றது. ஆனால் கலியாண வீடுகளில், ஆரத்தித் தட்டை எவரும் தன்னிடம் நீட்டாமலிருக்க, சுவரோரம் ஒதுங்கி நின்ற கஜந்தினியின் முகம் அவன் உள்ளத்தே எழுந்தது. முடி துறக்கும் மன்னனெனத் தலைக்கவசம் கழற்றினான். வியர்வை அருவியென வழிய, அலுமாரிக் கண்ணாடிகள் அதிர அறைந்தான்:

"அவவிலை ஒரு குறையும் இல்லைப் பஞ்சண்ணை! குறை என்னிலை! குளிசை எனக்குத்தான்!"

திசைகள் திகைத்தன. சொல்லுக்கு அஞ்சாப் பஞ்சலிங்கம் வாசலை நோக்கினான்; வீதியை நோக்கினான்; பின் நம் தலைவனின் செவியருகே குனிந்து, சட்டைப்பையிலிருந்து கசங்கிய சீட்டொன்றை எடுத்தான்.

"கத்தாதை தம்பி. என்ரை மூத்தவனுக்கும் உந்தக் குளிசையைத்தான் எழுதினவை. நாங்கள் இவ்வளவு காலமும் மருமேளைத்தான் குறை சொல்லிப் பேசிக்கொண்டிருந்தனாங்கள்."

றஜனி இரண்டு பேருக்கும் குளிசையைக் கொடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போடச் சொன்னாள்.